காதுக் குத்தும் காதடைப்பும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகனுக்கு மூன்று வயது. மூன்று நாளாகத் தடிமன். நேற்று நடுச்சாமத்தில் காதைப் பொத்திக்கொண்டு கத்தத் தொடங்கினான். உள்ளி தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடச் சொல்கிறார் மாமி. விடலாமா? விடியும்வரை வேறு என்ன செய்யலாம்?
(ஒரு தாய், களுவாஞ்சிகுடி)

பதில்: எண்ணெய் விட வேண்டாம். தடிமனுக்குப் பின்னால் வரும் குத்து செவிப்பறைக்கு உட்பக்கத்தில் உண்டாவது. மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டையாகவும் கிடையாகவும் இருக்கும். தடிமனில் அது வீங்கி அடைபட்டால் உள்ளே நீர் தேங்கும். அதில் கிருமி பெருகிச் சீழ் வைத்து, பறையை வெளியே தள்ளும். குத்து அதனால்தான். வெளியிலிருந்து விடும் எண்ணெய் பறையைத் தாண்டி அந்த இடத்துக்குப் போகாது. சூடு பிழைத்தால் தோல் வெந்துவிடும். பறை ஏற்கனவே வெடித்திருந்தால் எண்ணெயோடு கிருமியும் நேரே உள்ளே இறங்கும். காலையில் பார்க்கும் வைத்தியருக்கு எண்ணெய்ப் படலத்தில் பறையும் தெரியாது. முலைப்பால், வெங்காயச் சாறு, இலைச்சாறு எதுவானாலும் இதே கதைதான்.

இரவுக்கு வேண்டியது பரசிற்றமோல். அளவை வயதைப் பார்க்காமல் நிறையைப் பார்த்து எடுங்கள்: ஒரு கிலோவுக்கு ஒரு தடவைக்கு 15 மில்லிகிராம் வரை. 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி மருந்தானால் அது 7.5 மில்லிலீற்றர். போத்தலில் உள்ள செறிவை வாசித்த பிறகே அளவுங்கள், எல்லாப் போத்தலும் ஒன்றல்ல. தேக்கரண்டியால் அளந்தால் கூடிக் குறையும். ஊசி இல்லாத சிரிஞ்சால் எடுங்கள். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் இல்லை. குத்து எந்த மூலத்திலிருந்து வந்தாலும் முதல் வேலை பிள்ளையின் நோவைக் குறைப்பதுதான், இதில் தயங்கத் தேவையில்லை.

காய்ச்சலும் இருந்தால் ஐபுபுரூபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின் எதையும் தொடாதீர்கள். மாரி காலத்தில் மட்டக்களப்பில் டெங்கு கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். டெங்கு என்றால் இவை இரத்தக் கசிவைக் கூட்டும். குண்டியில் வைக்கும் நோக்குளிசையை வாங்கி வைத்திருந்தால் அதில் என்ன மருந்து என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படுத்தால் குத்துக் கூடும், அதனால் மடியில் நிமிர்த்திச் சாய்த்து வைத்திருங்கள். இளஞ்சூட்டுத் துணியைக் காதின் வெளியே ஒற்றலாம், முதலில் உங்கள் உள்முழங்கையில் வைத்துச் சூட்டைப் பாருங்கள். பால்போத்தல் குடிக்கும் பிள்ளையாக இருந்தால் மல்லாக்கப் படுக்கவைத்துக் கொடுக்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

குத்து திடீரென்று தணிந்து, தலையணையில் மஞ்சள் ஈரம் கண்டால் பறை வெடித்துச் சீழ் வெளியேறியிருக்கும். பயப்படாதீர்கள், பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிவிடும். ஆனால் அதுவரை ஒரு துளி தண்ணீரும் போகக் கூடாது. வெளிக்காதில் வழிவதை மட்டும் சுத்தத் துணியால் துடைத்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சீழ் வடிந்தால் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள்.

பல பிள்ளைகளுக்கு இது இரண்டு மூன்று நாளில் தானாகவே மாறும், ஆகவே வைத்தியர் உடனே அன்டிபயோட்டிக் எழுதவில்லை என்று குறைப்பட வேண்டாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, இரண்டு வயதுக்குள் இரண்டு காதிலும் நோ உள்ள பிள்ளை, சீழ் வடியும் பிள்ளை ஆகியோருக்கு வழக்கமாகக் கொடுப்பார்கள். கொடுத்தால் நோ நின்ற பின்னும் சொன்ன நாள்வரை கொடுத்து முடியுங்கள். காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கி, காது முன்னுக்குத் தள்ளி நின்றாலோ, முகம் ஒருபக்கம் கோணினாலோ, கழுத்து விறைத்தாலோ, பிள்ளை அசந்து கிடந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: குளித்துவிட்டு வந்ததும் வலது காது பொத்தென்று அடைத்துவிட்டது. பட்ஸ் போட்டுத் துடைத்தேன், இன்னும் கூடிவிட்டது. நோ இல்லை. குறும்பியை வீட்டிலேயே எடுக்க முடியுமா?
(வாசகர், ஏறாவூர்)

பதில்: முதலில் ஒரு சோதனை. வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று நீட்டி இழுங்கள். சத்தம் அடைத்த காதில் பெரிதாகக் கேட்டால் குறும்பி, நீர் போன்ற ஏதோவொன்று வழியை மறித்திருக்கிறது என்று கொள்ளலாம். நல்ல காதில் பெரிதாகக் கேட்டால் காதின் நரம்பில் பிரச்சினை இருக்கலாம். அப்படியானால் எண்ணெய் விட்டுப் பார்க்கும் வேலையை விட்டுவிட்டு அன்றே வைத்தியரைக் காணுங்கள். திடீர்ச் செவிட்டுக்குக் கொடுக்கும் ஸ்டிரோயிட் முதல் மூன்று நாளில் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும், இரண்டு வாரம் போனால் வாய்ப்பு மிகக் குறைந்துவிடும். ‘அடைப்புத்தானே, தானாகத் திறக்கும்’ என்று இருந்து கேட்கும் திறனை இழந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை முதலில் எழுதுகிறோம்.

உங்களுடையது பெரும்பாலும் குறும்பிதான். குளித்த நீரை உறிஞ்சி ஊதியிருக்கிறது, பட்ஸ் அதைப் பறையோடு இடித்து இறுக்கியிருக்கிறது. காதுக்குழாய் சுமார் 2.5 சென்ரிமீற்றர் நீளம். அதன் தோல் உள்ளிருந்து வெளியே மெல்ல மெல்ல வளர்ந்து நகரும், சப்பும்போது தாடை அசைவும் சேர்ந்து குறும்பியைத் தானாகவே வாசலுக்குக் கொண்டுவரும். பட்ஸ், கோழி இறகு, சட்டைப்பின் எல்லாம் அந்த ஓட்டத்துக்கு எதிராகத் தள்ளுகின்றன.

பாமசியில் ஒலிவ் எண்ணெயோ சோடியம் பைகாபனேற் துளிமருந்தோ வாங்குங்கள். சூடாக்க வேண்டாம், போத்தலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தால் போதும். அடைத்த காது மேலே இருக்க ஒருக்களித்துப் படுத்து, காதுமடலைப் பின்னுக்கும் மேலுக்கும் இழுத்து மூன்று துளி விடுங்கள். ஐந்து நிமிடம் அப்படியே கிடந்துவிட்டு எழும்புங்கள். காலையும் இரவும் ஐந்து நாள். முதல் நாளில் குறும்பி ஊறிப் பருத்து அடைப்புக் கூடும், அதைக் கண்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். பஞ்சு அடைக்கத் தேவையில்லை, அது மருந்தை உறிஞ்சிவிடும். காதில் ஓட்டை, சீழ், பழைய ஒப்பரேஷன் இருந்தவர்கள் இதைச் செய்யவே கூடாது.

ஐந்து நாளில் திறக்காவிட்டால் ஆஸ்பத்திரியில் கழுவி எடுப்பார்கள். ஊறிய குறும்பி சுலபமாக வரும், காய்ந்தது வராது. எண்ணெய் விட்டுவிட்டுப் போகச் சொல்வது அதற்குத்தான். கழுவும் தண்ணீர் உடற்சூட்டில் இருக்க வேண்டும், குளிர்ந்த தண்ணீர் என்றால் தலை சுற்றும். கழுவும்போது குத்தினால் உடனே சொல்லுங்கள்.

கேள்வி: பாரில் (கடலடிப் பாறையில்) மாட்டிய வலையை எடுக்கச் சுழியோடுவேன். இரண்டு பாகம் இறங்கினாலே காது குத்துகிறது. பொறுத்துக்கொண்டு இறங்கினால் பழகிவிடும் என்கிறார்கள்.
(மீனவர், வாழைச்சேனை)

பதில்: பழகாது, பறைதான் வெடிக்கும். 10 மீற்றரில், அதாவது ஏறக்குறைய ஐந்தரைப் பாகத்தில், அமுக்கம் மேலே இருந்ததைப் போல் இரண்டு மடங்கு. ஆனால் காதுக்குள் உள்ள காற்று மிக வேகமாகச் சுருங்குவது முதல் சில மீற்றர்களில்தான். மூக்கைப் பிடித்து வாயை மூடி மெதுவாக ஊதிக் காதைத் திறப்பதைத் தண்ணீருக்கு மேலேயே ஒரு தடவை செய்யுங்கள். பிறகு இரண்டு மூன்று அடிக்கு ஒருமுறை, குத்துவதற்கு முன்பே. குத்திய பிறகு ஊதினால் குழாயின் வாய் ஏற்கனவே நசுங்கிப் பூட்டியிருக்கும். அப்போது பலமாக ஊதினால் உட்காதே கிழியலாம். திறக்கவில்லையென்றால் சில அடி மேலே வந்து திரும்ப முயலுங்கள், அப்போதும் திறக்காவிட்டால் அன்றைக்கு இறங்க வேண்டாம். முடிந்தால் கயிற்றைப் பிடித்துக் கால் கீழே இருக்க இறங்குங்கள், தலைகீழாக இறங்குவதைவிடக் காது சுலபமாகத் திறக்கும்.

தடிமனோடு இறங்காதீர்கள். மூக்குத் துளி விட்டுக்கொண்டும் வேண்டாம், அதன் வேலை ஆழத்தில் முடிந்தால் ஏறும்போது அடைத்துக்கொள்ளும். காதில் றப்பர் அடைப்பானும் கூடாது.

‘டப்’ என்று வெடித்துக் குளிர் ஏறித் தலை சுற்றினால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருங்கள், உள்ளே போன நீர் சூடேறச் சுற்றல் அடங்கும். பிறகு மெதுவாக ஏறுங்கள். பறை மூடிவிட்டது என்று வைத்தியர் பார்த்துச் சொல்லும்வரை, குறைந்தது ஆறு வாரம், சுழியோட்டம் இல்லை. சுற்றல் நிற்காவிட்டால், அல்லது இரைச்சலும் கேளாமையும் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, சீனி வருத்தம். ஒரு மாதமாக ஒரு காதில் மட்டும் குத்து, இரவில் நித்திரை இல்லை. துளிமருந்து விட்டும் குறையவில்லை. வெற்றிலை போடுவார்.
(மகள், அக்கரைப்பற்று)

பதில்: இந்தக் கடிதத்தில் இரண்டு அபாயங்கள் ஒன்றாக இருக்கின்றன. காதுமடலை இழுத்தாலோ, காதுவாசலின் முன்னால் உள்ள சின்னக் குருத்தெலும்பை அழுத்தினாலோ உயிர் போவதுபோல் நொந்தால் வெளிக்காதில் கிருமி. சீனி உள்ளவர்களுக்கு அது தோலோடு நிற்காமல் மண்டையெலும்புக்குள் இறங்கலாம். இரவில் கூடும் குத்தும் துளிமருந்துக்கு அடங்காமையும் அதன் குணம். அதற்கு வாரக்கணக்கில் மருந்து வேண்டும், ஸ்கானும் தேவைப்படலாம்.

அமுக்கினால் நோவே இல்லை, காதும் சுத்தமாக இருக்கிறது என்றால் வாயைப் பாருங்கள். நாக்கின் அடி, கடைவாய், தொண்டை ஆகியவற்றின் நரம்புகள் காதோடு தொடர்புள்ளவை, அங்குள்ள புண் காதில் குத்தும். வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் போடுபவருக்கு மூன்று வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி, விழுங்கும்போது நோ இருந்தால் புற்றுநோயா என்று சோதிக்க வேண்டும். மூன்று விரலை நிமிர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கிடையில் வைக்க முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் வாய் இறுகத் தொடங்கியிருக்கிறது. சொத்தைப் பல்லும் இப்படிக் குத்தவைக்கும், ஆனால் பல் என்று நீங்களாகத் தீர்மானித்து நாள் கடத்தாதீர்கள். இந்த வாரமே காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் கூட்டிப்போய், சீனியின் அளவுத்துண்டையும் காட்டி, வெற்றிலைப் பழக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: காதுக்குள் பூச்சி போனால் தண்ணீர் விடலாமா? பிள்ளைகள் கொட்டை போட்டால்?
(வாசகி, திருக்கோவில்)

பதில்: உயிருள்ள பூச்சி பறையில் ஊர்ந்தால் தாங்க முடியாது. பறையில் ஓட்டை இல்லாதவரானால் இளஞ்சூட்டுத் தேங்காயெண்ணெய் சில துளி விட்டு அதைச் சாகவையுங்கள், எடுப்பதை ஆஸ்பத்திரிக்கு விடுங்கள். புளியங்கொட்டை, பயறு, கடலை என்றால் தண்ணீர் விடவே கூடாது, ஊறிப் பருத்து இறுகிவிடும். சாமணத்தால் இழுக்கப் போனால் இன்னும் உள்ளே போகும். விளையாட்டுச் சாமான்களிலும் மணிக்கூட்டிலும் இருக்கும் பொத்தான் பற்றரி போயிருந்தால் மட்டும் ஒரு மணித்தியாலமும் தாமதிக்காதீர்கள். ஈரத்தோடு சேர்ந்து அது தோலையும் பறையையும் அரித்துவிடும், ஆகவே எண்ணெயோ தண்ணீரோ ஒரு துளிகூட விடாமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அதே வகைப் பற்றரி வீட்டில் இன்னொன்று இருந்தால் காட்டுவதற்குக் கையோடு கொண்டுபோங்கள்.