ஓவன் துப்புரவு மருந்து பட்டுக் கை வெந்துவிட்டது. "உங்கள் கவனக்குறைவு" என்கிறார் மேலாளர். இழப்பீடு கிடைக்குமா?

கிடைக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையோர விடுதி ஒன்றின் சமையலறையில் இதே சொல்லை நானும் கேட்டவள் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் சட்டம் படித்தவளில்லை. பதினொரு ஆண்டுகள் பாத்திரமும் ஓவனும் தேய்த்தவள்.

அன்று மருந்தைப் பெயர்ச்சீட்டு எதுவுமில்லாத குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்திருந்தார்கள். கையுறைகளோ எல்லாம் ஆண்களின் கையளவு. எத்தனை முறை கேட்டும் சிறிய அளவு வந்ததே இல்லை, அதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. தொளதொளவென்றிருந்த அந்தக் கையுறைக்குள் மருந்து இறங்கியபோது எரியவே இல்லை. சவர்க்காரம் பூசியதுபோல வழுக்கியதால், மேலும் இரண்டு தட்டுகளைத் தேய்த்து முடித்துவிட்டே கையுறையைக் கழற்றினேன். வழுக்கியது உண்மையிலேயே சவர்க்காரம்தான் என்று செவிலியர் பின்னர் விளக்கினார்: அந்த மருந்திலிருக்கும் காஸ்டிக் சோடா தோலிலுள்ள கொழுப்பையே சவர்க்காரமாக்கிக்கொண்டு ஆழமாக இறங்குமாம். முகர்ந்து பார்த்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: காஸ்டிக் சோடாவுக்கு வாசனை கிடையாது. மேற்பார்வையாளர் நல்லெண்ணத்தோடுதான் கையில் வினிகரை ஊற்றினார்; ஆனால் கையுறையையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டு, ஓடும் குழாய்நீரில் குறைந்தது 20 நிமிடம் பிடித்திருக்க வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்கள் நாட்டின் 1993ஆம் ஆண்டுப் பணிக்காய இழப்பீட்டுச் சட்டம், வேண்டுமென்றே செய்த கடுமையான ஒழுங்குமீறலை ஆராயுமே தவிர, சாதாரணக் கவனக்குறைவைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்காது. அதற்கு ஈடாக, முதலாளிமீது நீங்கள் தனியே நட்டஈட்டு வழக்குத் தொடுக்க முடியாது. விபத்தை அறிந்த 7 நாட்களுக்குள் அரசின் இழப்பீட்டு நிதிக்கு அறிக்கை அனுப்புவது முதலாளியின் கடமை. மூன்று நாட்களுக்கு மேல் வேலைக்குப் போக முடியாவிட்டால், சட்டம் விதித்த உச்சவரம்புக்குள் மாத வருமானத்தில் 75 விழுக்காடு உங்களுக்கு உண்டு. முதல் மூன்று மாதங்களுக்கு அதை முதலாளியே கொடுத்துவிட்டு, நிதியிடமிருந்து பின்னர் பெற்றுக்கொள்வார்.

என் முதலாளி அறிக்கை எதையும் அனுப்பாமல், அந்த நாட்களை நோய்விடுப்பில் கழிக்கச் சம்மதம் என்று ஒரு தாளை நீட்டினார். உங்களிடமும் நீட்டினால் கையெழுத்திடாதீர்கள். வலக்கை கட்டுக்குள் இருந்ததால், நான் இடக்கையால் கையெழுத்திட்டேன்.