எம்.பி.ஏ.வில் எந்தப் பிரிவு? – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

கம்பத்தில் வசிக்கிறேன். பி.காம். முடித்து, மூன்று ஆண்டுகளாக ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். அடுத்த ஆண்டு எம்.பி.ஏ. சேரலாம் என்றிருக்கிறேன். கணக்குத் தெரிந்த பெண் நிதிப் பிரிவைத்தான் எடுக்க வேண்டும் என்கிறார் அப்பா. இனி எல்லாம் டேட்டா அனலிடிக்ஸ்தான் என்கிறான் தம்பி. சில ஆண்டுகள் வெளியூரில் வேலை பார்த்துவிட்டு, ஊர் திரும்பிச் சொந்தமாக ஏலக்காய் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். எனக்கு எந்தப் பிரிவு பொருந்தும்?

க., கம்பம்

அன்புள்ள க.,

நான் போடியில் பிறந்தவன். என் அம்மா இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏலக்காய் கோடவுனில் காய் பொறுக்கினார். உங்கள் கேள்வியை என் வீட்டுக் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அது தெரியாமல்தான் பலரும் போன ஆண்டு எந்தப் பிரிவில் சம்பளம் அதிகம் என்று பார்த்துச் சேர்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: ஏற்றுமதியாளருக்கு வேண்டிய அறிவில் எது கம்பத்திலேயே கிடைக்கும், எது கிடைக்காது?

போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிறது. திரையில் விலை ஓடிக்கொண்டிருக்க, வியாபாரி மாதிரிக் காயை உள்ளங்கையில் கொட்டி, பச்சை நிறம் பார்த்து, ஒரு காயை நகத்தால் பிளந்து, உள்ளேயிருக்கும் அரிசி, அதாவது விதை, கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று பார்த்து, முகர்ந்துவிட்டே விலை கேட்கிறார். எட்டு எம்எம் காயையும் அதற்குக் கீழுள்ளதையும் கண்ணாலேயே பிரிக்கும் அந்தப் பழக்கத்தை எந்தக் கல்லூரியும் கற்றுத்தராது. அது உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. வரவு செலவும் கைவசம் இருக்கிறது.

கம்பத்தில் கிடைக்காதவை இவை. வளைகுடா நாட்டில் இறங்கிய சரக்கு, பூச்சிமருந்து எச்சம் வரம்பு மீறியதென்று திரும்பி வராமலிருக்க, கொள்முதல் நாளிலிருந்தே எதைச் சோதித்து எந்த ஆவணத்தில் பதிய வேண்டும். கொச்சித் துறைமுகம் வரை காயின் நிறம் மங்காமல் எப்படிக் கொண்டுபோக வேண்டும். குவாத்தமாலாவின் மலிவான காய் சந்தையை நிரப்பும்போது நம் காயை யாருக்கு, என்ன சொல்லி விற்பது. விலை பேசிய நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் இடையில் டாலர் இறங்கினால் என்ன செய்வது: இவற்றை ஒரே இடத்தில் முறையாகச் சொல்லித்தர நம் ஊரில் ஆளில்லை. எனவே சரக்கை வாங்குவதிலிருந்து கொண்டுசேர்ப்பது வரை சொல்லித்தரும் செயல்பாடு மற்றும் விநியோகச் சங்கிலிப் பிரிவை முதன்மையாகவும், பன்னாட்டு வணிகத்தை இரண்டாவதாகவும் எடுங்கள் என்பேன். நிதியில் அந்நியச் செலாவணி, கடன் கடிதம் (வாங்குபவர் சார்பில் பணம் தருவதாக வங்கி தரும் உறுதி) ஆகியவை வரும் பாடங்கள் போதும். வங்கி வேலைதான் இலக்கு என்றால் அப்பா சொல்வது சரி. அனலிடிக்ஸ் எல்லாப் பிரிவுக்கும் உதவும் கருவி. இரண்டு பாடங்களில் அதைப் பழகிக்கொள்ளலாம்.

பெரும்பாலான இரண்டாண்டுப் படிப்புகளில் முதல் ஆண்டு எல்லோருக்கும் பொதுவானது. இரண்டாம் ஆண்டில்தான் பிரிவு. நடுவில் வரும் இரண்டு மாதப் பயிற்சியை, பெரிய பெயருக்கு ஆசைப்படாமல், சரக்கு அனுப்பும் முகவர் ஒருவரிடம் கொச்சியிலோ தூத்துக்குடியிலோ செய்யுங்கள். உங்கள் விஷயத்தில் பிரிவின் பெயரைவிட இந்தப் பயிற்சிக்கே அதிக மதிப்பு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

டெல்லியில் 1963-இல் தொடங்கப்பட்ட இந்திய அயல்நாட்டு வணிக நிறுவனம் பன்னாட்டு வணிகத்துக்கென்றே எம்.பி.ஏ. நடத்துகிறது. பெங்களூரில் தோட்டப் பயிர் மேலாண்மைக்கென்றே ஒரு மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. இரண்டையும் பாருங்கள். அருகிலேயே படிக்க வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்கு டான்செட், கேரளத்துக்கு கேமேட் என்று தனித்தனி நுழைவுத்தேர்வுகள் உண்டு. எல்லையிலுள்ள குமுளியைத் தாண்டினால் விதி வேறு என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று. விளக்கக் கையேட்டில் அச்சிட்டிருக்கும் விருப்பப் பாடங்கள் எல்லாமே நடக்கும் என்பதில்லை. போதிய மாணவர்கள் சேராவிட்டால் அந்தப் பாடத்தையே கைவிட்டு, எல்லோரையும் நிதிக்கோ சந்தைப்படுத்தலுக்கோ நகர்த்திவிடும் கல்லூரிகள் உண்டு. கட்டணம் கட்டும் முன், விநியோகச் சங்கிலிப் பாடத்தைப் போன ஆண்டு எத்தனை பேர் எடுத்தார்கள், நடத்தியவர் யார் என்று கேளுங்கள். முடிந்தால் அவர்களில் ஒருவரிடம் நேரில் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.