சீனக் கஷாயம் மை மாதிரி கருத்துப் போனா

இரும்புச் சட்டிதான் காரணம், மூலிகை கெட்டுப்போனதா இருக்காது. சிங்கப்பூர்ல சீன வைத்தியர் அம்மாவுக்குக் கட்டிக் கொடுத்த மூலிகைப் பொட்டலத்த தோசைக்கல் மாதிரி கனமான இரும்புச் சட்டில கொதிக்க வச்சேன், கருத்துப் போச்சுன்னு எழுதியிருக்கீங்க, மூலிகைல இருக்கற டானின்ங்கற துவர்ப்புப் பொருள் இரும்போட சேர்ந்தா அப்படித்தான் கருக்கும், நாக்குல துவர்ப்பும் இரும்பு வாடையும் நிக்கும். அத கொட்டிடுங்க. மண்சட்டிதான் வழக்கம், இல்லன்னா கண்ணாடியோ எவர்சில்வரோ போதும்.

அடுத்த பொட்டலத்த அரை மணி நேரம் பச்சத்தண்ணில ஊற வைங்க, ரெண்டு விரக்கட மேல தண்ணி நிக்கணும். கொதி வந்ததும் சிம்ல 20-30 நிமிஷம், வடிகட்டி அதே சக்கைல திரும்பத் தண்ணி ஊத்திக் காய்ச்சி, ரெண்டையும் கலந்து காலைல பாதி ராத்திரி பாதி.

ஆனா முதல்ல உள்ள தனியா குட்டிப் பொட்டலம் இருக்கான்னு பாருங்க. சிப்பி, ஓடு மாதிரி கெட்டியானது முன்னாடியே வேகணும். 'போ ஹ'ங்கற புதினா வகைன்னா கடைசி 5 நிமிஷம்தான், இல்லன்னா வாசனையே பறந்துடும். 'ஃபூ ஸி'ங்கற வசநாபி வகை வேர் இருந்தா ரொம்ப கவனம், சரியா வேகலன்னா அது விஷம், எவ்வளவு நேரம்னு வைத்தியர்கிட்டயே கேட்டுடுங்க.

அம்மா பிரஷர் மாத்திரை போடறாங்கன்னு சொன்னீங்கல்ல, நிறைய சீன மருந்துக் கலவைல அதிமதுரம் சேர்ப்பாங்க, அது நாள்பட பிரஷர ஏத்தும், பொட்டாசியத்தையும் குறைக்கும். மாத்திரை எழுதின டாக்டர்கிட்ட பொட்டலத்தோட சீட்ட காட்டிட்டு அப்புறம் குடுங்க.