தெருவுக்கும் டிராகுக்கும் ஒரே பாக்கி: பின் சஸ்பென்ஷனில் என்ன போடலாம்?

கேள்வி இதுதான்: நிசான் 1400 பாக்கி (சின்ன பிக்கப் வண்டியை இங்கே தென்னாப்பிரிக்காவில் அப்படித்தான் சொல்வோம்), உள்ளே டொயோட்டாவின் 20 வால்வ் இன்ஜின், வார நாளில் வேலைக்குப் போகவும் மாதம் ஒரு முறை டிராக் பந்தயத்தில் கால் மைல் ஓடவும். வண்டி தாழ்வாக நிற்கிறது, கிளட்ச்சை விட்டதும் பின் ஆக்சில் குதிக்கிறது. பட்டை ஸ்பிரிங்குகளை (லீஃப் ஸ்பிரிங்) கழற்றிவிட்டு, ஆக்சிலை வண்டியின் அடித்தகட்டோடு இறுக்கிப் பிடிக்கும் ஏணி மாதிரியான லேடர் பார் போடவா, நாலு தனிக் கம்பிகளால் பிடிக்கும் நாலு லிங்க் போடவா?

இரண்டும் வேண்டாம் தம்பி. பட்டையையே வைத்துக்கொண்டு அதை ஒழுங்காக வேலை செய்ய வையுங்கள். டர்பனில் வீட்டு முற்றத்திலேயே வண்டி பிரித்து மாட்டுகிற ஆள் நான், இந்த 1400 பாக்கி எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கிறது. குதிக்கிறது என்று வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புது சஸ்பென்ஷன் தேவைப்படவே இல்லை.

முதலில் ஒரு கணக்கு. ஓட்டுபவரோடு வண்டி 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம், புறப்படும்போது முடுக்கம் 0.7 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.7 பங்கு), எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இரண்டரை மீட்டர். 800 × 0.7 × 0.5 ÷ 2.5, அதாவது 112 கிலோ முன்னாலிருந்து பின்னால் போகும். லேடர் பார் போட்டாலும் நாலு லிங்க் போட்டாலும் இந்த 112 பெரிதாக மாறப் போவதில்லை. அது டயர் மேல் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு பதமாக வந்து உட்காருகிறது என்பது மட்டும்தான் சஸ்பென்ஷன் கையில் இருக்கிறது. பாக்கி காலியாக ஓடும்போது பின்னால் எடையே கிடையாது, பட்டையோ மூட்டை ஏற்றுவதற்காகச் செய்தது, அதனால்தான் இந்த வண்டியில் இது இவ்வளவு தொல்லை.

குதிப்பது ஏன்? சக்கரம் முன்னோக்கிச் சுற்றும்போது ஆக்சில் கூடு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும், இன்ஜினிலிருந்து ஷாஃப்ட் வந்து சேரும் அதன் மூக்கு மேலே தூக்கும், பட்டை பாம்பு மாதிரி வளையும். ஒரு அளவுக்கு மேல் வளைய முடியாமல் திரும்ப அடிக்கும்போது டயர் பிடியை விடும், உடனே மறுபடி பிடிக்கும், மறுபடி வளையும், படபடவென்று பின்பக்கமே ஆடும். உங்கள் வண்டி தாழ்வாக நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே பிளாக் வைத்து இறக்கியிருந்தால் அதை இன்றைக்கே கழற்றுங்கள். அந்த இரண்டு அங்குல பிளாக்தான் பட்டையை முறுக்குவதற்கு நெம்புகோல். மெத்தென்று இருக்கட்டும் என்று ஒன்றிரண்டு பட்டையை உருவியிருந்தால் இன்னும் மோசம். தாழ்வாகத்தான் வேண்டும் என்றால் ஸ்பிரிங் கடையில் கொடுத்து வளைவைக் குறைத்து வாங்குங்கள்.

லேடர் பார் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் பழைய ஃபோர்டு காப்ரி காரில் ஒரு பட்டறையில் கொடுத்து அதைப் போட்டேன். நேர் ரோட்டில் அருமையாகக் கிளம்பும், அதை மறுக்க மாட்டேன். அப்புறம் ஒரு புனித வெள்ளி அன்று என் ஆயாவை, அதாவது பாட்டியை, மாரியம்மன் திருவிழாவுக்கு டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கோம் கூட்டிப் போனேன். கோயில் பக்கம் ஒரு வேகத்தடை, இடது சக்கரம் மட்டும் ஏறியது, பின்னால் டங்கென்று ஒரு சத்தம், ஆயா தேங்காய் பழத் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து கீழே படுத்துப் பார்த்தால் பாரின் முன் பிராக்கெட், தரைத் தகட்டோடு வெல்டிங் வைத்த ஓரத்தில், கட்டைவிரல் நீளத்துக்கு விரிசல். ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் இரண்டு பாரும் வேறு வேறு கோணத்தில் நிற்க வேண்டும், ஆனால் இரண்டுமே ஆக்சிலை மேலும் கீழும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன, ஆக்சில் கூடே முறுகினால்தான் உண்டு. அது முறுகாது, பலவீனமான இடம் கிழியும். அன்று அது பெரிய ரோட்டில் 120-இல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது, பக்கத்தில் ஆயா.

நாலு லிங்க் நல்ல அமைப்பு, குறை சொல்ல மாட்டேன். மேல் கீழ் லிங்க் இரண்டின் கோட்டையும் முன்னால் நீட்டினால் சந்திக்கும் புள்ளியை நகர்த்தி, பின்பக்கம் அமுங்குகிறதா எழும்புகிறதா என்று நாமே தீர்மானிக்கலாம். ஆனால் பாக்கியின் படுகையை வெட்ட வேண்டும், பக்கவாட்டு ஆட்டத்துக்குத் தனியாக ஒரு ராட், இரும்பு மூட்டுகள் எல்லாம் மழையிலும் மண்ணிலும் தேய்ந்து கடகடக்கும். தினமும் வேலைக்குப் போகிற வண்டிக்கு இது தேவையில்லாத செலவு.

சரி, என்ன செய்வது? பட்டையின் முன் பாதியில், ஆக்சிலுக்கும் முன் கண்ணுக்கும் (பட்டையின் முன் நுனியில் போல்ட் போகும் வளையம்) நடுவே, கிளாம்ப்களை இறுக்கமாகப் போடுங்கள், பின் பாதியைத் தளர்வாக விடுங்கள். முன் பாதி பாராக வேலை செய்யும், பின் பாதி ஸ்பிரிங்காக வேலை செய்யும். இதற்கு அநேகமாகச் செலவே இல்லை. அடுத்தது கால்ட்ராக்ஸ் என்று விற்கிறார்களே, அந்த மாதிரியான பார். ஆக்சில் திரும்பும்போது அதன் அடிப்பக்கம் முன்னால் நகரும், அந்தத் தள்ளலை பார் வாங்கி, முன் கண் போல்ட்டில் சுழலும் ஒரு தகட்டுக்குக் கொடுக்கும், தகடு பட்டையை மேலிருந்து அமுக்கும். சும்மா ஓட்டும்போது அது குறுக்கே வராது, அதனால்தான் தெரு வண்டிக்கு எனக்கு இது பிடிக்கும். வலது பாரை ஒரு பொட்டு கூடுதலாக இறுக்குங்கள், ஏனென்றால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் முறுக்கு வலது பின் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். நம் ஊரில் ஓட்டுபவர் வலப்பக்கம் உட்காருவது கொஞ்சம் ஈடு கட்டும், பேட்டரியையும் வலது பின் சக்கரத்துக்கு மேல் கொண்டுபோனால் இன்னும் நல்லது. மணல் மூட்டை மட்டும் வைக்காதீர்கள், பிரேக் போட்டால் முன்னால் வரும்.

வண்டி நிற்கும்போது டிஃப் (ஆக்சில் நடுவே இருக்கும் டிஃபரென்ஷியல்) மூக்கு ஷாஃப்டை விட மூன்று நாலு டிகிரி கீழே பார்க்கட்டும். விசை வந்ததும் அது தூக்கி நேராகும். ஆப்புத் தகடு வைத்துச் சரி செய்யலாம். ரப்பர் புஷ் எல்லாம் புதிது. ஷாக் நல்லதாக, திருகி மாற்றக் கூடியதாக. மிச்சக் காசு முழுவதும் டயருக்கு.

பிறகு போனைத் தரையில் வைத்து ஸ்லோ மோஷனில் பின் சக்கரத்தை எடுங்கள். டயரிலிருந்து ரிம் வரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டால், டயர் ரிம்மில் நழுவுகிறதா என்பதும் தெரியும். முன் ஷாக் தண்டில் ஒரு கேபிள் டை கட்டினால், முன்பக்கம் எழுந்து திரும்ப விழும்போது ஷாக் எவ்வளவு அமுங்கியது என்று சொல்லும். இதெல்லாம் டிராக் ஸ்ட்ரிப்பில்தான், தெருவில் வேண்டாம். டர்பனில் சரி செய்ததை ஜோகன்னஸ்பர்க் பக்கம் கொண்டுபோனால் மறுபடி பாருங்கள். அங்கே 1,600 மீட்டருக்கு மேல், டர்போ இல்லாத உங்கள் இன்ஜின் சக்தியில் ஆறில் ஒரு பங்கு போல இழக்கும், இங்கே சுற்றிய டயர் அங்கே பிடித்துக்கொண்டு இன்ஜின் மூச்சுத் திணறும்.

இன்னொன்று. இது கடல் காற்று அடிக்கிற ஊர், அந்த பாக்கிக்கும் வயதாகிவிட்டது. பார் வாங்கும் முன் பட்டையின் முன் கண் பிடித்திருக்கும் ஹேங்கரை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், எல்லாத் தள்ளலும் அங்கேதான் போய் விழும். உள்ளே இறங்கினால் அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வையுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.