ஐந்து மூட்டு பொம்மையின் கையில் புதிய மூட்டு வைத்தால் மதிப்புக் குறைந்துவிடுமா?

இரு தோள்கள், இடுப்பில் இரு கால்கள், கழுத்து என ஐந்தே இடங்களில் அசையும் 3¾ அங்குல ஆக்‌ஷன் ஃபிகர் ஒன்று உங்களிடம் இருப்பதாகவும், அது துப்பாக்கியை இரு கைகளாலும் பிடிப்பதற்கு முழங்கை மூட்டு வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம். ஆனால் உங்களுக்குத் தேவைப்படுவது முழங்கை மூட்டு அன்று, புயத்தில் ஒரு சுழல் மூட்டு என்றே நினைக்கிறேன்.

ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1982இல் வெளியிட்ட 3¾ அங்குல ஜி.ஐ. ஜோ என்ற இராணுவ வீரர் பொம்மைகளுக்கு முழங்கை மடங்கியது. ஆயினும் முன்கை மார்புக்குக் குறுக்கே வராததால் அவற்றால் துப்பாக்கியை ஒழுங்காகப் பிடிக்க முடியவில்லை. 1983இல் முழங்கைக்குச் சற்று மேலே கை சுழலும்படி செய்து, அதற்கு ‘ஸ்விவல் ஆர்ம் பேட்டில் கிரிப்’ என்று பெயரிட்டு விளம்பரமும் செய்தார்கள். முந்தைய ஆண்டின் வீரர்களே புதிய கையோடு மீண்டும் வந்தார்கள். உங்கள் பொம்மையின் கை ஏற்கெனவே சற்று மடங்கிய நிலையில் வார்க்கப்பட்டிருந்தால், புயத்தில் ஒரே ஒரு வெட்டு போதும். நேராக நீட்டிய கையாக இருந்தால் முழங்கையின் உட்புறத்தில் ஆப்பு வடிவில் வெட்டியெடுத்து, மடக்கி, எபாக்சி புட்டியால் (இரண்டு பசைகளைப் பிசைந்தால் இறுகும் களிம்பு) நிரப்பி நிலையாக்கிவிட்டுப் பிறகு புயத்துக்கு வாருங்கள்.

நான் பெரும்பாலும் சட்டைக் கையின் விளிம்புக்கோட்டிலேயே வெட்டுவேன், மூட்டு இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதற்கு நகை ஆசாரிகள் பயன்படுத்தும் மெல்லிய ரம்பம்தான் ஏற்றது. தடித்த ரம்பம் தின்னும் அளவுக்குக் கை குட்டையாகிவிடும். துளையை மின்கருவியால் போடாதீர்கள், சூட்டில் பிளாஸ்டிக் உருகித் துளை அகன்றுவிடும். விரலால் சுழற்றும் சிறிய துளைக்கருவியால் முதலில் மிகச் சன்னமாக நடுவில் துளைத்து, பிறகு 2 மில்லிமீட்டர் வரை படிப்படியாகப் பெரிதாக்குங்கள். பித்தளைக் கம்பியின் ஒரு முனையை அரத்தால் சுரசுரப்பாக்கி மேல்பாதியில் ஒட்டுங்கள்; மறுமுனை கீழ்ப்பாதியில் பசையின்றி, இறுக்கத்தால் மட்டுமே நிற்க வேண்டும். ஃபெவிக்விக் போன்ற பசை நீரைப் போல் இடுக்கெல்லாம் ஊர்ந்து போகும் என்பதால், ஒட்டிய பாதி முழுதும் உலரும் வரை இரண்டையும் சேர்க்கவே கூடாது. மூட்டு தளர்வாக இருந்தால் கம்பியின் வெளிமுனையில் அதே பசையை மெல்லிய படலமாகத் தடவி, நன்றாக உலரவிட்டுச் செருகுங்கள். ஜி.ஐ. ஜோவில் முதுகுத் திருகைக் கழற்றினால் கை தனியே வந்துவிடும்; ஐந்து மூட்டு பொம்மைகளில் பெரும்பாலும் உடலின் இரு பாதிகளும் ஒட்டப்பட்டிருப்பதால், கையை உடலோடு வைத்தேதான் அறுக்க வேண்டியிருக்கும். சற்றுப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இனி மதிப்புக்கு வருகிறேன். பழம்பொருளைச் சிதைப்பவன் என்று என்னைத் திட்டக் காத்திருப்பவர்கள் இதையும் படித்துவிட்டுத் திட்டட்டும்: கென்னர் நிறுவனம் 1978இல் வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் பொம்மை மீது நான் ரம்பம் வைக்கமாட்டேன். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல் பொம்மை நிறுவனம் இந்தியாவில் விற்ற பழைய ஜி.ஐ. ஜோக்களையும் நம் ஊர்ச் சரக்குதானே என்று அறுத்துவிடாதீர்கள்; வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் 2019இலிருந்து ஹாஸ்ப்ரோ பழைய பாணியிலேயே வெளியிட்டுவரும் ஸ்டார் வார்ஸ் மறுபதிப்புகள் கடையில் கிடைக்கும் புதுச் சரக்கு. அதில் ஒன்றை அறுப்பதால் எந்தச் சேகரிப்பும் அழிந்துவிடப் போவதில்லை.

என்னைக் கேட்டால், மூட்டு வைப்பதைவிட வைத்ததை மறைத்து விற்பதுதான் இந்தப் பொழுதுபோக்கைக் கெடுக்கிறது. என்னிடம் சுழல் கை வைத்த பொம்மையை வாங்கிய ஒருவர், பாதத்தின் அடியில் நான் கீறியிருந்த குறியைத் தேய்த்து அழித்துவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த சோதனை மாதிரி என்று சொல்லிப் பல மடங்கு விலைக்கு விற்றார். ஏமாந்து வாங்கியவர் அவரை விட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தார். தெளிவாகச் சொல்லித்தான் விற்றேன் என்று எத்தனை முறை விளக்கியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அதிலிருந்து குறியைப் பாதத்தில் போடுவதில்லை; வெட்டிய புயத்தின் உள்முகத்தில், கம்பியைச் சுற்றி, ஆண்டையும் என் பெயரின் முதலெழுத்தையும் ஊசியால் கீறுகிறேன். அங்கே தேய்த்தால் இரு பாதிகளும் பொருந்தாமல் இடைவெளி விழும். நீங்கள் விற்கும் எண்ணமே இல்லாமல் செய்தாலும் அந்த இடத்தில் ஒரு குறி போட்டுவையுங்கள்.