பாம்பின் தொட்டிக்குள் ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும்?

வளர்ப்பு உயிரினங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ராயபுரத்தில் கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறோம். என் மகன் முறையாகப் பதிவு செய்து ஒரு பால் பைத்தான் (ball python) என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பை வளர்க்கிறான். கம்பி வலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டியில், ஏசி ஓடும் படுக்கையறையில் அது இருக்கிறது. கடந்த இரண்டு முறையும் சட்டையை முழுதாக உரிக்காமல் துண்டு துண்டாக உரித்தது. வால் நுனியில் பழைய தோல் வளையம் போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈரப்பதம் போதவில்லை, தினமும் இரண்டு வேளை தண்ணீர் தெளியுங்கள் என்று கடைக்காரர் சொல்கிறார். துணி காய்வதற்கே நாளாகும் இந்தக் கடலோரத்தில் ஈரப்பதம் எப்படிப் போதாமல் போகும்?
— வாசகி, ராயபுரம்.

பதில்: கடைக்காரர் நோயைச் சரியாகச் சொல்லிவிட்டார், மருந்துதான் தவறு. உங்கள் ஐயம் நியாயமானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

செய்தியில் சொல்லப்படும் ஈரப்பத விழுக்காடு என்பது, அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எவ்வளவு பங்கு இப்போது இருக்கிறது என்பதைக் காட்டும் கணக்கு. காற்றுச் சூடானால் அது தாங்கக்கூடிய அளவு பெருகும். ஆகவே நீராவி ஒரு துளியும் குறையாமலேயே விழுக்காடு இறங்கிவிடும். காலையில் உங்கள் தெருவில் 27 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே காற்று தொட்டிக்குள் விளக்கின் அடியில் 32 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் ஏறத்தாழ 60 ஆகிவிடும். ஏசி அறையின் கதை இதைவிட மோசம். ஏசி காற்றைக் குளிர்விக்கும்போதே அதிலுள்ள நீரையும் பிழிந்து, குழாய் வழியாக வெளியே சொட்டவிடுகிறது. 24 டிகிரியில் 50 விழுக்காடு ஈரப்பதமுள்ள அந்த அறைக் காற்றைத் தொட்டிக்குள் 32 டிகிரிக்குச் சூடாக்கினால் எஞ்சுவது 31 விழுக்காடு அளவில்தான் இருக்கும். போதாக்குறைக்குச் சூடான காற்று மேலெழுந்து கம்பி வலை வழியாக வெளியேறுகிறது. அது போன இடத்தை அறையின் வறண்ட காற்று நிரப்புகிறது. வெளியே வேர்வை காயாத ஊரில், உங்கள் மகனின் பாம்பு மட்டும் வறட்சியில் கிடக்கிறது.

பால் பைத்தானுக்குச் சாதாரண நாட்களில் 55 முதல் 65 விழுக்காடு வரையிலும், சட்டை உரிக்கும் காலத்தில் 70 விழுக்காட்டை ஒட்டியும் ஈரப்பதம் தேவை. இதன் தாயகம் மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் புல்வெளிகள். அங்கே வறண்ட காலம் நீண்டது, வெளிக்காற்றில் ஈரம் குறைவு. ஆனால் இந்தப் பாம்பு பகற்பொழுதை எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும்தான் கழிக்கிறது. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதையை நாம் பழமொழியாக அறிவோம். அந்தப் புற்றின் உட்புறம் கோடையிலும் குளிர்ந்து, ஈரம் காக்கும் இடமாக இருக்கிறது. ஆகவே தொட்டி முழுவதையும் நனைப்பது நம் வேலை அன்று. பாம்பு வேண்டும்போது புகுந்துகொள்ள ஈரமான ஒரு மறைவிடமும், வேண்டாதபோது படுத்துக்கொள்ள உலர்ந்த தரையும் ஒரே தொட்டிக்குள் இருக்க வேண்டும். அதை நீங்கள் அமைத்துக் கொடுத்துவிட்டால், தேர்ந்தெடுப்பதைப் பாம்பு பார்த்துக்கொள்ளும்.

இப்போது செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம். முதலில் அளக்க வேண்டும். அளக்காமல் எதையும் மாற்றாதீர்கள். முள் நகரும் வட்டக் கருவிகளை நான் நம்புவதில்லை. ஒயர் முனையில் உணரி உள்ள டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி, உணரியைத் தொட்டியின் மேல் மூலையில் தொங்கவிடாமல், பாம்பு படுக்கும் உயரத்தில், குளிர்ந்த பக்கத்தில் வையுங்கள். இரண்டு கருவிகள் வாங்க முடிந்தால் இரு பக்கமும் வைப்பது மேல். கருவி சரியாகக் காட்டுகிறதா என்பதைச் சமையலறை உப்பைக் கொண்டே சோதிக்கலாம். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பை நிரப்பி, அது கரைந்துவிடாமல் கெட்டிக் குழம்பாகும் அளவுக்கு மட்டும் சில துளி நீர் விட்டு, கருவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத ஜிப் கவரில் ஓர் இரவு முழுக்க வைத்துவிடுங்கள். அந்தக் கவருக்குள் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிலைபெறும். அது உப்பின் இயல்பு. கருவி 70 என்று காட்டினால், இனி அது காட்டும் எண்ணோடு ஐந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து, தொட்டியை ஏசி அறையிலிருந்து வேறு அறைக்கு மாற்றுங்கள். செலவே இல்லாத இந்த ஒரு மாற்றமே பாதிச் சிக்கலைத் தீர்க்கும். கத்திரி வெயில் நாட்களில் மட்டும், தொட்டியின் குளிர்ந்த பக்கமே 32 டிகிரியைத் தாண்டுமானால் ஏசி அறைக்குத் திரும்பக் கொண்டு வரலாம். பாம்புக்கு அளவு மீறிய வெப்பம் வறட்சியைக் காட்டிலும் விரைவாகக் கேடு செய்யும். வலை மூடியின் முக்கால் பகுதியை அக்ரிலிக் தகடாலோ அலுமினியத் தாளாலோ மூடிவிடுங்கள். விளக்குக்கு அருகே மட்டும் எதுவும் படாதபடி விட்டுவிடுங்கள். கொளத்தூரில் மீன் தொட்டி செய்பவர்களிடம் அளவு கொடுத்தால், ஒரு மூலையில் காற்றுத் துளைகளோடு தகடு வெட்டித் தருவார்கள்.

தரைக்கு எட்டு சென்டிமீட்டர் கனத்தில் தென்னை நார்க்கழிவையோ தேங்காய் மட்டைத் துண்டுகளையோ பரப்புங்கள். நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் இந்த நார்க்கழிவில் உப்பு மிகுந்திருக்கக்கூடும் என்பதால், கட்டியை ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிச் சில முறை அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். வட சென்னையின் பல தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீரும் உப்புக் கரிப்பதால், அலசுவதற்குக் குடிநீர் வாரியத் தண்ணீரே நல்லது. பிறகு ஈரம் குறையும்போதெல்லாம் மேலே தெளிக்காமல், தொட்டியின் மூலைகளில் ஒரு குவளை நீரை மெல்ல ஊற்றுங்கள். நீர் அடிக்கு இறங்கும், மேற்பரப்பு உலர்ந்திருக்கும், கீழிருந்து ஈரம் நாள் முழுக்க ஆவியாகிக்கொண்டிருக்கும். அடி அடுக்கைக் கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. தண்ணீர்த் தொட்டியைப் பாம்பு முழுதாக இறங்கிப் படுக்கும் அளவில் பெரிதாக வைப்பதும் உதவும்.

இரண்டு வேளை தெளிப்பை ஏன் மறுக்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். தெளித்த சிறிது நேரத்துக்கு எண் மேலேறும். பிறகு பழைய நிலைக்கு இறங்கிவிடும். அதற்குள் தரையின் மேற்பரப்பும் பாம்பின் வயிறும் நனைந்துவிடுகின்றன. வேண்டிய ஈரம் காற்றில் நிற்காமல் போகிறது, வேண்டாத ஈரம் வயிற்றடியில் தங்கிவிடுகிறது. அதற்குப் பதிலாக, மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பாம்பு நுழையும் அளவுக்கு ஒரு துளை வெட்டி, விளிம்பைச் சொரசொரப்பில்லாமல் தேய்த்து, உள்ளே, நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஸ்பேக்னம் பாசியை நனைத்துப் பிழிந்து நிரப்பித் தொட்டியின் நடுப்பகுதியில் வையுங்கள். கண்கள் நீலம் படர்ந்த பால் நிறத்தில் மங்கும்போது பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே திரவம் சுரக்கிறது என்று பொருள். அன்று முதல் சட்டை கழன்று விழும் வரை அந்தப் பாசி காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்த நாட்களில் பாம்பைத் தூக்காதீர்கள். இரை மறுத்தாலும் வற்புறுத்தாதீர்கள்.

வாலில் உள்ள வளையத்தை இந்த வாரமே கவனிக்க வேண்டும். உலர்ந்த தோல் சுருங்கி இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு வால் நுனியே கருகிப்போகும். 28 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் காற்றோட்டமுள்ள ஒரு டப்பாவில் இட்டு, அதற்குள் பாம்பை அரைமணி நேரம் நெளிந்து திரிய விடுங்கள். நீங்கள் அருகிலேயே இருங்கள். பிறகு ஈரத் துணியால் வாலைப் பிடித்து, உடலிலிருந்து நுனியை நோக்கி மெல்ல உருவினால் பெரும்பாலும் கழன்றுவிடும். வராவிட்டால் மறுநாள் மீண்டும் செய்யலாம். இழுத்துப் பிய்க்கக் கூடாது. கண்ணின் மேல் பழைய செதில் தங்கியிருப்பதாகத் தோன்றினால் சாமணத்தையோ நகத்தையோ அருகில் கொண்டு போகாதீர்கள். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணைக் காக்கும் புதிய செதில் அதன் அடியிலேயே இருக்கிறது, அதையும் சேர்த்துப் பிய்த்துவிட்டால் பார்வையே போய்விடும். அத்தகைய நிலையிலும், வால் நுனி நிறம் மாறியிருந்தாலும், வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். பதிவுச் சான்றையும் உடன் கொண்டு செல்வது நல்லது. பால் பைத்தான், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம் என்பதாலும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தையும் 2024-இல் வந்த விதிகளையும் ஒட்டி ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு கட்டாயம் என்பதாலும், அந்தத் தாள் உங்கள் மகனுக்குப் பாதுகாப்பு.

பருவத்துக்கேற்ற ஒரு குறிப்பு: மே, ஜூன் மாதங்களில் கடற்காற்று நுழையும் வரை மேற்கிலிருந்து வரும் நிலக்காற்று ஊரையே உலர்த்திவிடும். ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் கடற்காற்று முதலில் வந்துவிடும். கொளத்தூர், மாதவரம் பக்கம் இருப்பவர்கள் நண்பகல் அளவை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என்னிடம் உள்ள கார்ன் ஸ்நேக்கின் வயிற்றுச் செதில்கள் சில செம்பழுப்பாக மாறி, சிறு கொப்புளங்களும் தெரிகின்றன. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இப்படி. பிளாஸ்டிக் பெட்டியில் நார்க்கழிவு போட்டு, ஃபாகர் (பனிமூட்டம் போல நீர்த்துகளை வெளியிடும் கருவி) வைத்திருக்கிறேன்.
— வாசகர், பெரம்பூர்.

பதில்: இன்றைக்கே ஃபாகரை நிறுத்திவிடுங்கள். ஈரத்தில் ஊறிய தரையில் தொடர்ந்து படுப்பதால் வயிற்றுச் செதில்களில் கிருமி தொற்றி அழுகும் நோயின் தொடக்கமாகவே இது தெரிகிறது. நார்க்கழிவு முழுவதையும் அகற்றிப் பெட்டியைக் கழுவி உலர்த்துங்கள். காயம் ஆறும் வரை வெறும் தாளை விரித்து, நனைந்தவுடன் மாற்றுங்கள். கொப்புளம் வந்துவிட்ட நிலையில் கைவைத்தியம் போதாது. மருத்துவர் பார்த்து மருந்து தர வேண்டும். தாமதித்தால் தொற்று இரத்தத்தில் கலந்து உயிரையே வாங்கிவிடும்.

அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 60 விழுக்காடு போதும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைக் காற்றே அதற்கு மேல் இருக்கும்போது, நாம் ஈரம் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை, குறைப்பதற்குத்தான் வழி தேட வேண்டும். பெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒன்று கீழாகவும் மற்றொன்று மேலாகவும் துளை வரிசைகள் இட்டால் காற்று தானாக ஓடும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சிறிதாக்கிக் குளிர்ந்த பக்கம் நகர்த்துங்கள். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு ஹீட் மேட்டை (அடியில் வைக்கும் சூடேற்றும் விரிப்பு) இயக்கி ஒரு பக்கத்தை 29 டிகிரியில் வைத்தால், முன் பதிலில் சொன்ன அதே கணக்கின்படி அங்கே ஈரப்பதம் தானாக இறங்கும்.

இந்த நோயைவிட நான் அஞ்சுவது குளிரும் ஈரமும் சேர்ந்து வருவதைத்தான். வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, மூச்சில் சீழ்க்கை ஒலி, தலையை மேல்நோக்கித் தூக்கியபடியே இருப்பது ஆகியவை நுரையீரல் தொற்றின் அறிகுறிகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னையின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நாட்களில் பெட்டியைச் சன்னலை விட்டு வீட்டின் நடுப்பகுதிக்கு, உயரமான இடத்துக்கு நகர்த்தி, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் வெளிப்புறமாக ஒட்டி வையுங்கள். ஈரமான நார்க்கழிவை அந்த நாட்களுக்கு எடுத்துவிட்டுத் தாள் மட்டும் விரிப்பது பாதுகாப்பானது.

கேள்வி: கென்ய மணற்போவா வளர்க்கிறேன். அது வறண்ட நிலத்துப் பாம்பு என்கிறார்கள். மணலி போன்ற இடத்தில் ஏசி இல்லாமல் அதைக் காப்பாற்ற முடியுமா?
— வாசகர், மணலி.

பதில்: முடியும். கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளில் மண்ணுக்குள் புதைந்து வாழும் இந்தப் பாம்புக்கு மற்ற இரண்டையும்விடக் குறைந்த ஈரப்பதம் போதும். காற்றின் ஈரம் சற்று மிகுந்திருந்தாலும் அது தாங்கிக்கொள்ளும். தாங்காதது நனைந்த தரையை. முழு வலை மூடியை அப்படியே விட்டுவிடுங்கள், அடியில் ஒரு பக்கம் மட்டும் ஹீட் மேட் வையுங்கள், நீர்க் கிண்ணம் கவிழாதபடி சிறிதாகவும் கனமாகவும் இருக்கட்டும். பாம்பு அடியில் தோண்டும்போது கிண்ணம் சாய்ந்து நீர் கொட்டுவதுதான் இதில் வழக்கமாக நேரும் விபத்து. கண் மங்கும் நாட்களில் மட்டும் ஈரப் பாசி வைத்த சிறு டப்பா ஒன்றைத் தந்து, சட்டை உரித்ததும் எடுத்துவிடலாம். தரைக்குக் கடற்கரை மணலை அள்ளி வந்து போடாதீர்கள்: அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால், வெயிலில் எத்தனை நாள் காயவைத்தாலும் மழைநாளில் மீண்டும் பிசுபிசுத்துவிடும். கழுவி உலர்த்திய ஆற்று மணலுடன் மண் கலந்தோ, ஆஸ்பென் மரச்சீவலை மட்டுமோ ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்புங்கள்.