மாமியின் இராச்சாப்பாடு

வணக்கம் அண்ணை,

கொக்குவிலிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். என் மாமிக்கு 74 வயது. இரவில் நித்திரையில் குழறுகிறா. சில நாள் வேர்த்து நனைந்துபோய் எழும்புகிறா. கனடாவில் இருக்கும் மச்சாள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினா. பிந்திச் சாப்பிட்டால் கெட்ட கனவு வருமாம், தயிரும் கத்தரிக்காயும் கூடவே கூடாதாம். முன்பு மாமி ஏழரைக்குப் பிட்டோ இடியப்பமோ சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுப்பா. இப்போது ஆறு மணிக்கு ஒரு தம்ளர் பாலோடு முடித்துவிடுகிறேன். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் உள்ள இரவுக் குளிசைகளை வழமைபோலக் கொடுக்கிறேன். குழறுவது குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. படுக்க எத்தனை மணித்தியாலத்துக்கு முன் சாப்பிட வேண்டும்? தயிர் உண்மையிலேயே கனவைக் கெடுக்குமா? விடியப்புறக் கனவு பலிக்கும் என்று மாமி வேறு பயப்படுகிறா.

அன்புள்ள தங்கச்சி,

இன்றைக்கு இரவே மாமிக்குச் சாப்பாடு கொடுங்கள். மிச்சத்தைப் பிறகு ஆறுதலாக வாசிக்கலாம்.

சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் குளிசைகளில் சில, கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்றவை, இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கவைப்பவை. அவற்றைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு படுத்தால் சாமத்தில் இரத்தத்தில் சீனி விழுந்துவிடக்கூடும். 70 mg/dLக்குக் கீழே போனால் ஆபத்து. அப்போது உடம்பு காட்டும் குறிகள் என்ன தெரியுமா? உடுப்பு நனைய வேர்ப்பது, கெட்ட கனவு, நித்திரையில் குழறுவது, விடிய எழும்பும்போது தலையிடி. உங்கள் கடிதத்தைத் திருப்பி வாசித்துப் பாருங்கள். மாமிக்கு எந்தக் குளிசை என்று நீங்கள் எழுதவில்லை. மெற்போமின் மட்டும் என்றால் இந்தப் பயம் மிகக் குறைவு. எதுவானாலும் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு, அடுத்த கிளினிக் திகதிவரை பார்த்திராமல், இந்தக் கிழமையே டொக்டரிடம் போங்கள். பிரஷர் குளிசையையும் காட்டுங்கள். புறொப்பிரனலோல் போன்ற சில, கெட்ட கனவைக் கொண்டுவரக்கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். அதற்கிடையில் இரவில் வேர்த்துக் குழம்பி எழும்பினா என்றால், விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் குளுக்கோஸோ சீனித் தண்ணீரோ கொடுங்கள். விழுங்க முடியாவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.

குளிசை போடுகிற ஒரு வயதுபோன மனிசியின் சாப்பாட்டை வீடியோ பார்த்து மாற்றலாமா? உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. மச்சாள் தாய்மேல் உள்ள பாசத்தில் அனுப்பியிருப்பா, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சாமத்தில் எழும்பி ஓடுவது அவ இல்லை, நீங்கள். பக்கத்தில் நின்று பார்க்கிறவரின் கண்ணுக்கு இருக்கும் உரிமையை ஏன் விட்டுக்கொடுத்தீர்கள்? நிறுத்திய பிறகு கூடியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்!

இனி நீங்கள் கேட்டவை. படுக்க இரண்டு மூன்று மணித்தியாலம் முன்பு சாப்பிட்டால் போதும். ஏழரைக்குப் பிட்டு, பத்துக்குப் படுக்கை என்ற பழைய ஒழுங்கில் ஒரு பிழையும் இல்லை. பத்து மணிக்குக் கொத்துரொட்டியை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உடனே சரிகிறவனுடைய கதை வேறு. எண்ணெயும் கொழுப்பும் வயிற்றைவிட்டு இறங்க நேரமெடுக்கும், படுத்தால் புளிப்பு மேலே ஏறும், அது ஆளை எழுப்பிவிடும். எழுப்பிவிடுவதுதான் இங்கே விசயம். 1953இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைற்மனும், நித்திரைக்குள் கண்விழி வேகமாக அசையும் ஒரு கட்டம் இருக்கிறது, அப்போது எழுப்பினால் ஆட்கள் கனவு சொல்கிறார்கள் என்று கண்டார்கள். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் அந்தக் கட்டம், விடிய நெருங்க நெருங்க நீளும். அதற்குள் விழித்தால் கனவு ஞாபகம் நிற்கும். விழிக்காமல் தூங்கினால் பெரும்பாலும் போய்விடும். பிந்திய சாப்பாடு செய்கிற வேலையில் பெரும்பங்கு இந்த எழுப்புதல்தான். விடியப்புறக் கனவு அவ்வளவு துலக்கமாக இருப்பதும் இதனால்தான். பலிப்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று மாமிக்குச் சொல்லுங்கள், பயம் தெளியட்டும்.

தயிரில் பிழையில்லை. 2025இல் கனடாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரிடம் கேட்டு வெளியிட்ட ஆய்வொன்றில், சாப்பாடு தம் கனவை மாற்றுகிறது என்றவர்கள் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான். அதே ஆய்வில், பாலிலுள்ள சீனி செமிக்காதவர்களுக்குக் கெட்ட கனவு கூடுதலாக இருந்தது. வயிற்று ஊதலும் வலியும் நித்திரையைக் குழப்புவதால் இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். அந்தச் சீனி தயிரைவிடப் பாலில்தான் கூட. நீங்கள் தயிரை நிறுத்திப் பாலைக் கொடுத்திருக்கிறீர்கள். கத்தரிக்காயைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இவ்வளவையும் ஒரு டொக்டரே உங்களுக்குச் சொல்லியிருப்பார். நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. போன மாதம் அம்மாவின் திவசத்துக்கு எல்லோரும் கூடியிருந்தபோது இதே கதைதான் நடந்தது. அன்றிலிருந்து மனதில் கிடக்கிறது.

1995 ஒக்ரோபர் 30 இரவு, ஆமி முன்னேறி வர, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்ததே, அந்தச் சனத்துக்குள் நாங்களும் நடந்தோம். மழை. நாவற்குழிப் பாலத்தில் ஆளை ஆள் தள்ளியபடி அடிமேல் அடியாக நகர்ந்து, கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் போய் விழுந்தோம். அங்கேதான் அம்மா குழறத் தொடங்கினா. அடுத்த வருசம் வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகும் நிற்கவில்லை. அப்பா சாப்பாட்டில் பிழை பிடித்தார். முதலில் கருவாட்டை நிற்பாட்டினார், பிறகு கத்தரிக்காயை, பிறகு உழுந்தை. பிட்டுக்குத் தேங்காய்ப்பூக் கூட வேண்டாம் என்றார். கடைசியில் அம்மாவுக்கு மாலையில் ஒரு கோப்பை கஞ்சிதான் மிஞ்சியது. வீட்டில் எல்லோரும் அம்மாவின் வயிற்றைப் பற்றியே கதைத்தோம். அம்மா வாய் திறக்காமல் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தா, சாமத்தில் குழறினா.

பெரியம்மா ஒருமுறை வந்து தங்கினா. அம்மாவின் பாயிலேயே படுத்தா. அடுத்தநாள் இரண்டு பேரும் குசினி வாசலில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சாதாரணமாகக் கேட்டா: "என்னடி கண்டனீ?"

அம்மா சொன்னா. நாங்கள் நினைத்ததுபோல அது செல்லும் இல்லை, பொம்பரும் இல்லை. மாடு. நாங்கள் வெளிக்கிட்ட இரவு கொட்டிலில் கட்டி நின்ற மாடு. அதை யாராவது அவிட்டு விட்டார்களா என்று அம்மாவுக்குத் தெரியாது. பாலம்வரை வந்த பிறகுதான் ஞாபகம் வந்ததாம், அப்போது திரும்ப முடியாது. கனவில் அது கயிற்றை இழுத்துக்கொண்டு நின்று கத்துமாம். அம்மா குழறியது அதன் குரலுக்கு.

விறாந்தையில் இருந்த அப்பா எழும்பி வந்தார். "நான் அவிட்டு விட்டனான். நீ கேக்கேல்லையே" என்றார்.

அதோடு கனவு நின்றது என்று எழுதினால் அது பொய். நிற்கவில்லை. ஆனால் அதன் பிறகு குழறி எழும்பிய இரவுகளில் அம்மா அப்பாவைக் கேட்பா, முடிச்சை எப்படி அவிட்டீர்கள், அது எந்தப் பக்கம் போனது என்று. அப்பா ஒவ்வொரு முறையும் சொல்லுவார், பின்வேலிப் பக்கம் போனது, போகும்போது திரும்பிப் பார்த்தது என்று. கேட்டுவிட்டு அம்மா படுத்துவிடுவா. பிட்டும் சாப்பிட்டா. மீண்டும் மீண்டும் வரும் கெட்ட கனவுக்கு இப்படியே ஒரு சிகிச்சை மனநல வைத்தியத்தில் இருக்கிறது. கனவைப் பகலில் சொல்லவைத்து, அதன் முடிவை அவர்களே தாம் விரும்பியபடி மாற்றி, மாற்றியதை நாள்தோறும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்கச் செய்வார்கள். அப்பாவுக்கு அது தெரியாது. கேட்டதற்கு மறுமொழி சொன்னார், அவ்வளவுதான்.

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் ஆறு மணி, ஏழரை, பத்து என்று நேரமெல்லாம் இருக்கிறது. பால், பிட்டு, தயிர் எல்லாம் இருக்கிறது. மாமி என்ன கண்டு குழறுகிறா என்று ஒரு வரி இல்லை. குழறும்போது ஏதாவது பெயர் சொல்லுகிறாவா? யாரையாவது கூப்பிடுகிறாவா? இடம்பெயர்ந்தபோது மாமிக்கு நாற்பத்துச் சொச்சம் வயது. அந்த இரவு எந்த வழியாக நடந்தா, கையில் யாரைப் பிடித்திருந்தா, யாரை விட்டுவிட்டு வந்தா? மருமகளாக இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், இது உங்களுக்குத் தெரியுமா? எங்கள் வீடுகளில் பழையதைக் கிளறக்கூடாது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. கிளறாமல் விட்டதால் ஆறியது என்று ஒருவரை எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம். தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனோம், அவர்களும் எங்கள் மனம் நோகாமல் பட்டினியாகப் படுத்தார்கள். அவர்கள் ஒருதரும் தாங்களாக வந்து சொல்லமாட்டார்கள். நாங்கள்தான் கேட்க வேண்டும்.

குழறி எழும்பிய உடனே கேட்க வேண்டாம். அப்போது விளக்கைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் இருந்தால் போதும். பகலில் கேளுங்கள், கை ஏதாவது வேலையில் இருக்கும்போது. முருங்கையிலை உருவும்போதோ வெங்காயம் உரிக்கும்போதோ. முதல்நாள் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லுவா. விட்டுவிட்டு இன்னொரு நாள் கேளுங்கள். சொல்லத் தொடங்கினால் குறுக்கே ஆறுதல் சொல்லாதீர்கள், அதெல்லாம் முடிஞ்சுது மாமி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மச்சாளுக்கும் ஒரு ஓடியோ போடுங்கள், பிட்டு திரும்பவும் தொடங்கிவிட்டது என்று.

மாமி சொல்வதை எனக்கு எழுத வேண்டாம். அது உங்கள் வீட்டுக்குரியது. எந்தக் குளிசை, டொக்டர் என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுதுங்கள். பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அண்ணை